கல்லுக்குள் ஒரு சிவப்புப் புள்ளி

அத்தியாயம் பதினொன்று

ஞாயிற்றுக்கிழமை சுவிஸிலிருந்து மருமகள் மேரிசுகந்தி வந்து சேர்ந்ததிலிருந்து அந்தச் சின்னப் பெட்டி அன்னபூரணத்தின் கையை விட்டு இறங்கவில்லை.

நகைக்கடைகளில் மோதிரம் வைத்துக் கொடுக்கிற மாதிரியான பெட்டிதான். கடும் நீல நிறம். உள்ளே ஒரேயொரு வைரக் கல். இறந்துபோன தன் கணவன் தயாபரனின் சாம்பலில் செய்தது என்று சுகந்தி சொன்னாள். அங்கே அப்படி ஒரு வசதி இருக்கிறதாம். சாம்பலைக் கொடுத்தால் சூடாக்கி, அழுத்தி, சில மாதங்களில் கல்லாக்கித் தருவார்களாம்.

புங்குடுதீவில் அதுவரை யாரும் கேள்விப்படாத சங்கதி. ஆனாலும் அன்னபூரணம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மகன் போன நாளிலிருந்து, "சாம்பலையெண்டாலும் அனுப்பு" என்று தொலைபேசியில் அழுதுகொண்டிருந்த மனுசி அவள். பெட்டியை வாங்கி நெஞ்சோடு அணைத்து, "வந்திட்டியோ ராசா" என்று மட்டும் சொன்னாள்.

விசா கிடைக்காமல், மகனின் இறுதிக் கிரியையைத் தொலைபேசித் திரையில் பார்த்தவர்கள் அவளும் கணவர் ஆழ்வாப்பிள்ளையும். பூக்களுக்கு நடுவே முகம் தெரிந்தது. சவப்பெட்டியின் மூடியைச் சாத்தும் நேரம் இணைப்பு அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சுகந்தி சொல்லித்தான் தெரியும்.

இன்று புதன்கிழமை. தயாபரன் இறந்து ஒரு வருடம் முடிகிற ஆட்டைத் திவசம். காலையில் ஐயர் வந்து கிரியை முடித்ததும் கல்லைக் கடலில் விடுவதென்று ஆழ்வாப்பிள்ளை முடிவு எடுத்திருந்தார். குறிகட்டுவான் துறையில் படகுக்கும் சொல்லியாகிவிட்டது.

தயாபரனின் தங்கை கம்சிகா முதல் நாள் மாலைதான் கொழும்பிலிருந்து வந்திருந்தாள்.

காலை ஆறரைக்கு அவள் தேத்தண்ணிக் கோப்பையோடு யன்னலடியில் இருந்தபோது, அம்மா வந்து பெட்டியை அவள் மடியில் வைத்தாள்.

"நீ உதுதானே பாக்கிற வேலை. கடலுக்குப் போக முந்தி ஒருக்காப் பார்த்துச் சொல்லு பிள்ளை. அண்ணை எப்பிடி வந்திருக்கிறான்?"

கம்சிகா கோப்பையைக் கீழே வைத்தாள். ஒன்பது வருடமாகக் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் பட்டை தீட்டிய வைரங்களுக்குத் தரம் போடுவது அவள் தொழில். ஒரு நாளைக்கு நூறு கல்லென்றாலும் கண்ணுக்குக் கீழே போகும். அண்ணனுக்குத் தரம் போட வரும் என்று அவள் நினைத்ததில்லை.

"வேண்டாம் அம்மா."

"ஏன் வேண்டாம்? ஆற்றையோ கல்லெல்லாம் பாக்கிறாய். உன்ரை அண்ணையைப் பாக்க ஏலாதோ?"

கம்சிகா எழுந்து போய்த் தன் கைப்பையிலிருந்த சிறிய பூதக்கண்ணாடியையும் இடுக்கியையும் எடுத்து வந்தாள். வெள்ளைக் கடதாசி ஒன்றை நடுவில் மடித்து, யன்னல் வெளிச்சம் நேரே அடிக்காத இடமாகப் பார்த்து வைத்தாள். துணியால் கல்லைத் துடைத்தாள்.

"எப்பிடிப் பாக்கிறது? எனக்கும் சொல்லு." அம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

"நாலு விசயம் பாப்பம் அம்மா. நிறை, நிறம், உள்ளுக்குக் கறை இருக்கோ எண்டு, வெட்டு எப்பிடி எண்டு. நிறுக்கிற தராசு இஞ்சை இல்லை. ஒரு கரட்டிலை மூண்டிலை ஒரு பங்கு வரும் எண்டு நினைக்கிறன்."

"அவ்வளவுதானோ? ஆறடி மனுசன்."

கம்சிகா கல்லைத் தலைகீழாக்கிக் கடதாசி மடிப்பில் படுக்க வைத்தாள்.

"நிறத்தைக் கவிட்டு வைச்சுத்தான் பாக்கவேணும். நேராப் பார்த்தால் மினுக்கம் கண்ணை ஏமாத்தும். வெள்ளையா இருந்தால் உசத்தி. மஞ்சள் ஓட ஓடத் தரம் இறங்கும். இதிலை ஒரு துளி மஞ்சள் இருக்கு. ஆனா வெள்ளைப் பக்கந்தான்."

அம்மா சிரித்தாள். ஒரு வருடத்தில் கம்சிகா கண்ட முதல் சிரிப்பு. "என்ரை கறுத்த ராசா எப்பிடி இவ்வளவு வெள்ளையா வந்தவன்?"

கம்சிகாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மனதில் ஒரு மூலையில் ஏதோ இடறியது. சாம்பலில் செய்கிற கற்களைப் பற்றி அவள் வாசித்திருக்கிறாள். ஒன்றிரண்டைக் கையில் பிடித்தும் பார்த்திருக்கிறாள். அவை பெரும்பாலும் நீலம் ஓடிய கற்கள். இதில் மஞ்சள் எப்படி வந்தது?

'எல்லாக் கல்லும் ஒரே மாதிரி வராதுதானே' என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கல்லை நிமிர்த்தினாள்.

"வெட்டு எண்டால் என்ன?" என்றாள் அம்மா.

"மேலாலை போற வெளிச்சம் அடியாலை ஓடிப்போகாமல் திரும்பி எங்கடை கண்ணுக்கு வரவேணும். அப்பிடித்தான் ஒவ்வொரு பட்டையையும் சரிச்சு வெட்டுறது. ஆழம் கூடினால் நடு இருண்டுபோகும். குறைஞ்சால் போத்தில் துண்டு மாதிரிச் செத்துக் கிடக்கும்."

"இது?"

"வடிவாத் திரும்பி வருது."

அம்மாவின் முகம் மலர்ந்தது. கம்சிகா கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தாள். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி. கல்லை மெல்லச் சாய்த்து, பட்டை பட்டையாக உள்ளே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒரு பட்டைக்குக் கீழே கை நின்றது.

கல்லின் வயிற்றுக்குள் ஒரு சிவப்புப் புள்ளி. ஊசி முனையிலும் சிறியது. மாதுளை முத்தின் நிறம்.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு திரும்பவும் பார்த்தாள். கறை அல்ல, தூசும் அல்ல. வேறொரு மணிக்கல்லின் துணுக்கு. பூமிக்கு அடியில், மனிதர் யாரும் இறங்க முடியாத ஆழத்தில், வைரம் வளரும்போது தன்னோடு சேர்த்து விழுங்கிக்கொள்கிற துணுக்கு. இயந்திரத்தில் வளர்க்கிற கல்லில் உலோகப் பொட்டு இருக்கலாம். இது இருக்காது. இப்படி ஒரு புள்ளி இருந்தால் அந்தக் கல்லுக்கு வயது நூறு கோடி வருடத்துக்கு மேல்.

அண்ணன் இறந்து ஒரு வருடம்.

விளிம்பைத் திருப்பினாள். நாலு இடத்தில் மெல்லிய உலோகத் தடம். மோதிரத்தின் நகங்கள் கல்லைப் பல வருடம் கவ்விப் பிடித்த அடையாளம். ஒன்றின் ஓரத்தில் சவர்க்கார அழுக்குக்கூட முழுதாகப் போகவில்லை.

"ஏன் பிள்ளை பேசாமல் இருக்கிறாய்?"

"ஒண்டுமில்லை அம்மா. நல்ல கல்."

"என்ன தரம் போடுவாய்?"

"நல்ல தரம்."

"பள்ளிக்கூடத்திலை ஒரு நாளும் நல்ல மாக்ஸ் எடுக்காதவன்." அன்னபூரணம் கல்லை வாங்கிப் பெட்டியில் வைத்து, சேலைத் தலைப்பால் பெட்டியை ஒற்றினாள். "இப்பதான் எடுத்திருக்கிறான்."

சுகந்தி கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வேதக்காரி, கிறிஸ்தவப் பெண், என்பதால் திவசச் சமையல் நடக்கிற குசினிக்குள் அவள் போகவில்லை. போகாதே என்று யாரும் சொல்லவுமில்லை, வா என்று கூப்பிடவுமில்லை. அவளாகவே கிணற்றடியைத் தேடிக்கொண்டாள். நெடுந்தீவுப் பெண். தயாபரனைச் சுவிஸில் சந்தித்துக் கட்டியவள். பதினேழு வருடக் கலியாணத்தில் இந்த வீட்டு வாசலை மிதித்தது இதுதான் முதல் தடவை.

கம்சிகா அவள் கையைப் பார்த்தாள். இடது மோதிர விரலில் மெல்லிய வெளிறிய வளையம். வெயில் படாத தோல்.

"மச்சாள், அந்தக் கல்லுக்குப் பேப்பர் தந்தவையே?"

"ஓம், வீட்டிலை இருக்கு. கொண்டுவர மறந்து போனன்."

"அது உங்கடை மோதிரக் கல்."

சுகந்தியின் கையிலிருந்த சட்டி சீமெந்தில் விழுந்து உருண்டது. அவள் அதை எடுக்கக் குனியவில்லை.

"மாமிக்குச் சொல்லிப்போட்டீரோ?"

"இல்லை."

சுகந்தி குசினிப் பக்கம் பார்த்தாள். பிறகு கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டாள். சத்தம் வராமல் பேசினாள்.

"மகள் யூலியட் பிறந்த வருசம் உம்மடை அண்ணை போட்டுவிட்டவர். ரெண்டு குசினியிலை வேலை செய்த காலம். கைக் காயத்துக்கு மேலை பிளாஸ்ரரை ஒட்டிக்கொண்டு வந்து போட்டவர்."

"அப்ப அண்ணையின்ரை சாம்பல் எங்கை?"

"சாம்பல் இல்லை கம்சி."

"இல்லையெண்டால்?"

"எரிக்கேல்லை."

சுகந்தி குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"அவர் மூண்டு வருசத்துக்கு முந்தி ஞானஸ்நானம் எடுத்தவர். நான் கேக்கேல்லை. என்ரை பிள்ளையாணை, நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை. அவராத்தான் போனவர். எனக்கு ஏதும் நடந்தால் கோயில் சேமக்காலையிலை என்னைப் புதை, அம்மாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதை, அவ தாங்கமாட்டா எண்டவர். நான் ஓம் எண்டு சொன்னனான். நெஞ்சு நிண்டு போகும் எண்டு ஆர் கண்டது? நாப்பத்தாறு வயசு."

"அதுக்காக..."

"மாமி ஒவ்வொரு நாளும் போன் எடுப்பா. சாம்பல், சாம்பல், சாம்பல். நான் என்ன செய்ய? அடுப்புச் சாம்பலை அள்ளி அனுப்பட்டோ? ரீவியிலை ஒரு விளம்பரம் பார்த்தன், சாம்பலைக் கல்லாக்கிறம் எண்டு. வாயிலை வந்திட்டுது. சொன்ன பிறகு திருப்பி எடுக்க ஏலாமல் போச்சு. அவர் தந்ததிலை எனக்கெண்டு இருந்த கல்லு இது ஒண்டுதான். அதைக் கழட்டிக் கொண்டந்தனான். மாமி பெட்டிக்குள்ளை வைச்சிருப்பா, பிறகு யூலியட்டுக்குக் குடுப்பா எண்டு நினைச்சன். கடலிலை விடுவினம் எண்டு எனக்குத் தெரியாது."

கம்சிகா அவள் பக்கத்தில் இருந்தாள். கோபப்படத்தான் நினைத்தாள். அது வரவில்லை.

"நான் அம்மாவோடை கதைக்கிறன். ஏதாவது சொல்லி நிப்பாட்டுறன்."

"என்னத்தைச் சொல்லுவீர்?"

குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது. வாழையிலை போதாதாம். அம்மா யாரையோ அதட்டினாள். அதட்டலில்கூட ஒரு தெம்பு இருந்தது.

"விடும் கம்சி," என்றாள் சுகந்தி. "போடட்டும். எனக்கெண்டால் அங்கை போய் நிக்க ஒரு இடம் இருக்கு. புல்லு வெட்டுறன், பூ வைக்கிறன், அவரோடை சண்டையும் பிடிக்கிறன். மாமிக்கு என்ன இருக்கு?"

ஆனாலும் கம்சிகா விடவில்லை.

முதலில் அம்மாவிடம் போனாள். "அம்மா, கடலிலை போடாமல் ஒரு பதக்கமாச் செய்து போட்டால் என்ன? எப்பவும் உங்களோடை இருக்கும்."

அன்னபூரணம் கரண்டியைக் கீழே வைத்தாள். "பெத்த பிள்ளையைக் கழுத்திலை கட்டித் தொங்கவிடச் சொல்லுறியோ? அவன் போகவேண்டிய இடத்துக்குப் போகவேணும். ஒரு வருசமா வழி தெரியாமல் நிக்கிறான். நான் கண்ணை மூடினால் அவன்தான் நிக்கிறான்."

பிறகு தகப்பனிடம் போனாள். ஆழ்வாப்பிள்ளை வேலிக்கரையில் நின்று தர்ப்பைக்கட்டைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். போன மாதம்தான் அவரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் நெஞ்சுக்கு மருந்து தொடங்கியிருந்தார்கள். உண்மையை அவரிடமாவது சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தாள்.

"அப்பா, உங்களோடை ஒரு கதை."

"சொல்லு." அவர் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. "இஞ்சை பார், மகன் எனக்குச் செய்யவேண்டியதை நான் அவனுக்குச் செய்யிறன். இதை மட்டும் குறையில்லாமல் செய்துபோட்டன் எண்டால் எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். என்ன கதை?"

"ஐயர் எத்தினை மணிக்கு வாறார் எண்டு கேக்க வந்தனான்."

"பத்துக்கு."

ஐயர் பத்துக்கே வந்தார். பிண்டம் வைத்தார்கள். எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். தயாபரனின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஆழ்வாப்பிள்ளையின் குரல் உடைந்தது. பெட்டி படத்துக்கு முன்னால் திறந்து இருந்தது. கல் விளக்கு வெளிச்சத்தை வாங்கி வாங்கித் திருப்பி எறிந்தது. சுகந்தி விறாந்தைத் தூணடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் செபமாலை. அதைச் சேலை மடிப்புக்குள் மறைத்து வைத்திருந்தாள்.

மூன்று மணிக்குக் குறிகட்டுவானில் படகு நின்றது. குருசுமுத்து என்ற படகுக்காரர் அவர்கள் நால்வரையும் கை பிடித்துப் படகுக்குள் இறக்கினார். நயினாதீவுக்குப் போகிற பயணிகள் படகு சத்தமாகக் கடந்து போகும்வரை காத்திருந்து, பிறகு இயந்திரத்தைக் கிளப்பினார்.

"எவ்வளவு தூரம் போகவேணும் ஐயா?"

"நல்ல ஆழமாப் பார்த்து விடும்," என்றார் ஆழ்வாப்பிள்ளை.

இயந்திரம் நின்றதும் காற்றுச் சத்தம் மட்டும். ஆழ்வாப்பிள்ளை முதலில் பிண்டத்தைக் கரைத்தார். பிறகு மனைவியைப் பார்த்து, "இஞ்சாரும், பெட்டியைத் தாரும்," என்று கையை நீட்டினார்.

அன்னபூரணம் கொடுக்கவில்லை. பெட்டியைத் திறந்து, கல்லைத் தன் உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு படகின் அந்தப் பக்கத்தில் தனியாக இருந்த மருமகளிடம் திரும்பினாள்.

"இஞ்சாலை வா பிள்ளை."

அவள் சுகந்தியைப் பிள்ளை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சுகந்தி பதறிப்போய் எழுந்தாள். படகு ஆடியது.

"பெத்தது நாங்கள். ஆனா அவனோடை வாழ்ந்தது நீ. பதினேழு வருசம் சமைச்சுப் போட்டது நீ. நான் உனக்கு ஒரு வார்த்தை நல்லாச் சொன்னதில்லை. நீ அதை மனசிலை வைக்காமல் அவனைக் கொண்டு வந்து என்ரை கையிலை தந்தாய்." அவள் மருமகளின் கையை விரித்து அதில் கல்லை வைத்தாள். "நீ விடு. அதுதான் முறை."

"மாமி, நான்... மாமா விடட்டும்."

"நீ விடு மோனை."

"அம்மா, பொறுங்கோ!" என்றாள் கம்சிகா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். படகுக்காரர்கூட. அப்பாவின் கை நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தது. அம்மாவின் கண்களில் ஒரு வருடமாக இல்லாத அமைதி. சுகந்தி அவளைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல், தலையை மட்டும் அசைத்தாள். வேண்டாம்.

"என்ன பிள்ளை?"

கம்சிகா வாயைத் திறந்தாள். எந்தச் சொல்லைத் தொடங்கினாலும் அது யாரோ ஒருவரின் தலையில்தான் போய் விழும் போலிருந்தது.

"ஒண்டுமில்லை," என்றாள்.

சுகந்தி விளிம்பில் முழங்காலில் இருந்தாள். மூடிய கையைத் தண்ணீருக்குள் மணிக்கட்டு வரை விட்டாள். வெகுநேரம் அந்தக் கை திறக்கவில்லை. பிறகு திறந்தது. வெளியே எடுத்தபோது அதில் தண்ணீர் மட்டுந்தான் இருந்தது. அவள் அழுத அழுகையைப் பார்த்து அன்னபூரணம் அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். முதுகைத் தடவித் தடவி, "போயிட்டான் பிள்ளை, நல்லாப் போயிட்டான்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கம்சிகா கடலைப் பார்த்தபடி இருந்தாள். ஒரு கல் நல்லதோ கெட்டதோ என்று சொல்ல அவளுக்குத் தெரியும். இங்கே எதைச் சொல்வதென்று தெரியவில்லை.

துறையில் ஏறியதும் அன்னபூரணம் தனக்குப் பசிக்கிறது என்றாள். ஆழ்வாப்பிள்ளை அதிசயமாகப் பார்த்தார். தானே போய் வடையும் தேத்தண்ணியும் வாங்கி வந்தார். கடை வாங்கில் இருந்து அவள் இரண்டு வடை சாப்பிட்டாள். மருமகளுக்கும் பிய்த்துக் கொடுத்தாள்.

அப்போதுதான் அவளுடைய தொலைபேசி அடித்தது. திரையில் யூலியட்டின் படம். பரீட்சை இருந்ததால் தாயோடு வராமல் அங்கேயே நின்றுவிட்ட பேத்தி. பதினாறு வயது. தமிழ் எழுத வராது, கொஞ்சம் இழுத்து இழுத்துக் கதைப்பாள்.

"அப்பம்மா! சாப்பிட்டீங்களா?"

"ஓம் ராசாத்தி, இப்பதான். உன்ரை அம்மாவும் பக்கத்திலை இருக்கிறா." எல்லோருக்கும் கேட்கட்டும் என்று அன்னபூரணம் சத்தத்தைக் கூட்டினாள். "அப்பாவை வடிவா வழியனுப்பிப்போட்டு வந்திட்டம்."

"இண்டைக்கு அப்பான்ரை நாள் எண்டு அம்மா சொன்னவ. நானும் போனனான். பள்ளிக்கூட பிறேக்கிலை ஓடிப் போனனான், அப்பாட்டை."

சுகந்தியின் கையிலிருந்த கோப்பை நின்றது.

"எங்கை போனனி?" என்றாள் அன்னபூரணம்.

"அப்பாட்டை. பூ வைச்சனான். மெழுகுதிரி கொளுத்தினனான். கல்லு நல்ல ஊத்தை அப்பம்மா, மழைக்குப் பிறகு. நான் பிறஷ் போட்டுக் கழுவினனான். இப்ப அப்பான்ரை பேர் வடிவாத் தெரியுது."

"யூலி, வை பிள்ளை, நான் பிறகு எடுக்கிறன்," என்று சுகந்தி எழுந்து கையை நீட்டினாள்.

அன்னபூரணம் தொலைபேசியைக் கொடுக்கவில்லை. மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். மருமகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மகளின் முகத்தை. கம்சிகாவால் அந்தப் பார்வைக்கு நேரே நிற்க முடியவில்லை. தலை தானாகக் குனிந்தது.

"என்னப்பா, பிள்ளை என்ன சொல்லுறா?" என்று கேட்டபடி ஆழ்வாப்பிள்ளை தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்ட வந்தார்.

அன்னபூரணம் அவர் பக்கம் திரும்பாமலே தொலைபேசியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். குரல் மிக மெல்லியதாக வந்தது.

"யூலியட், எந்தக் கல்லம்மா? அப்பாவை எங்கை வைச்சிருக்கினம்? அப்பம்மாவுக்கு வடிவாச் சொல்லு."